சிவப்பு வெளிச்சத்தில் ஒரு வெற்றிலை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் மாணவர் பக்கத்தில் ஒளியைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் நன்றாக இருந்தன. ஆனால் வண்ணக் கண்ணாடி தன் வழியே போகும் வெள்ளை ஒளிக்கு நிறம் ஏற்றுகிறது என்று ஒரு வரி வருகிறதே, அது தவறு. பிள்ளைகள் வெட்டி நோட்டில் ஒட்டிவைக்கிற பக்கம் என்பதால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கானாடுகாத்தான். சமீபத்தில் முன்னோரைக் கும்பிடும் படைப்புக்காகப் பங்காளிகள் எல்லோரும் கூடி, மாசக்கணக்கில் பூட்டிக் கிடந்த பெரிய வீட்டைத் திறந்தோம். உள்ளே ஒரு அறையில், ஜன்னலுக்கு மேலே பதித்த சிவப்புக் கண்ணாடி வழியாக வந்த வெயில், தூசிக்குள் கம்பைச் சாய்த்து வைத்த மாதிரி நின்றது. பெருக்கித் துடைத்த அப்புறம் கம்பைக் காணோம், தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் சிவப்புத் திட்டு மட்டும் கிடந்தது. ஒளி நம்மைக் கடந்து போனால் தெரியாது, எதிலாவது பட்டுச் சிதறிக் கண்ணுக்குள் வந்தால்தான் தெரியும்.

பேத்தி தாம்பாளத்திலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து அந்தத் திட்டில் வைத்தாள். "ஐயா, வெத்திலை கருத்துப்போச்சு!" என்று கத்தினாள். பக்கத்தில் சுண்ணாம்பையும் குங்குமத்தையும் வைக்கச் சொன்னேன், எது எதுவென்று சொல்லவே முடியவில்லை, இரண்டும் சிவப்பு. காரணம் இதுதான்: வெள்ளை ஒளியில் எல்லா நிறமும் முன்பே இருக்கிறது, கண்ணாடி சிவப்பை விட்டுவிட்டு மற்றதை விழுங்கிவிடுகிறது. பச்சை வந்தால்தானே இலை அதைத் திருப்பி அனுப்பும்? வந்த சிவப்பையும் பச்சையம் உறிஞ்சிக்கொள்ள, நம் கண்ணுக்கு வர ஒன்றும் மிச்சமில்லை.

கண்ணாடிதான் நிறத்தை உண்டாக்குகிறது என்ற நினைப்பு மிகப் பழையது. முப்பட்டகத்தில் பிரிந்த ஒரே ஒரு நிறத்தை இரண்டாவது முப்பட்டகத்துக்குள் விட்டுப் பார்த்த நியூட்டன், அது வளைந்ததே தவிர நிறம் மாறவில்லை என்று 1672-லேயே எழுதிவிட்டார். கண்ணாடிக்குள் நுழையும்போது ஒளியின் வேகம் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டரிலிருந்து சுமார் 2 லட்சமாகக் குறையும், அலைநீளமும் சுருங்கும், ஆனால் நிறத்தை முடிவுசெய்கிற அதிர்வெண் மாறாது, வெளியே வந்ததும் பழைய வேகம் திரும்பிவிடும். கல்லில் விழுந்த சிவப்பு, சூரியனிலிருந்து 8 நிமிடம் 20 நொடி பயணம் செய்து வந்த அதே சிவப்புதான்.

சரி, ஒரு பொருளுக்குள் போகிற ஒளியின் நிறம் மாறவே மாறாதா என்றால், மிக மிகச் சிறு பங்கு மாறும். சிதறும் ஒளியில் ஏறத்தாழ கோடியில் ஒரு பங்கு, மூலக்கூறுகளோடு ஆற்றலைக் கொடுத்து வாங்கி வேறு நிறமாக வெளியே வருகிறது. 1928 பிப்ரவரி 28 அன்று சர் சி.வி. ராமன் கண்டது அதைத்தான், 1930-இல் நோபல் பரிசும் அதற்குத்தான். நம் ஆள் கண்டுபிடித்தது, கட்டுரையில் ஒரு வரியாவது வந்திருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

தயவுசெய்து திருத்தம் ஒன்று போடுங்கள், கூடவே அந்த வெற்றிலைச் சோதனையையும் போடுங்கள். வீட்டில் சிவப்புக் கண்ணாடி வேண்டுமென்று இல்லை. டார்ச் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளை மூன்று நான்கு மடிப்பாகக் கட்டி, இருட்டறையில் அடித்துப் பார்த்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்,
கானாடுகாத்தான்