ப்ளாக் செத்துப் போச்சுன்னு யாருங்க சொன்னா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல கைவேலை பண்ணி விக்கிறவங்க ஆன்லைன்ல எப்படி விளம்பரம் பண்ணலாம்னு ஒரு கட்டுரை வந்திருந்துச்சு. நல்லாதான் எழுதியிருந்தாங்க, ஆனா நடுவுல "ப்ளாக்கெல்லாம் இப்போ யாரு படிக்கிறா, தினமும் ஒரு ரீல்ஸ் போடுங்க போதும்"னு ஒரே வரில தள்ளிட்டுப் போயிட்டாங்க பாருங்க, அங்கதான் எனக்குப் பொறுக்கல. நான் கையால நோட்டுப் புத்தகமும் போட்டோ ஆல்பமும் தைச்சு விக்கிறவ. மூணு வருஷமா ப்ளாக் எழுதுறேன், ரீல்ஸும் தினமும் போட்டுப் பாத்திருக்கேன், ரெண்டுலயும் அடி வாங்கியிருக்கேன். அதனால இந்த லெட்டர் கொஞ்சம் நீளமா போகும், இடம் இல்லன்னா வெட்டிக்கோங்க.

முதல்ல என் வண்டவாளத்தைச் சொல்லிடுறேன். ப்ளாக் ஆரம்பிச்சப்போ பத்து நாள் தீம் தேடுறதுலயும் கலர் மாத்துறதுலயுமே போச்சு. அப்புறம் முதல் பதிவு, "எங்கள் வலைப்பூவிற்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம்". எங்கள்னு போட்டிருந்தேன், இருக்கிறது நான் ஒருத்திதான். அடுத்து "புதிய வரவு", அதுக்கடுத்து "மேலும் ஒரு புதிய வரவு", இப்படியே ஏழெட்டு. பாத்தது நானும் என் தங்கச்சியும் மட்டும்தான், அவளும் நான் கேப்பேன்னு பயந்து பாத்தவ. ஆறு மாசத்துல அப்படியே விட்டுட்டேன், தூசி பிடிச்சுக் கிடந்துச்சு.

திரும்ப எழுத வெச்சது ஒரு தப்புதான். நோட்டு வாங்கின ஒரு பொண்ணு போட்டோ அனுப்பி, "அக்கா, அட்டை ஏன் படகு மாதிரி வளைஞ்சிருக்கு"ன்னு கேட்டா. பாத்தவுடனே எனக்குப் புரிஞ்சு போச்சு. பேப்பருக்கும் அட்டைக்கும் ஒரு ஓட்டம் உண்டுங்க, மில்லுல மெஷின்ல ஓடி வரும்போது நாரெல்லாம் பெரும்பாலும் அந்தத் திசையிலயே படுத்துக்கும், இதைத்தான் கிரெயின்னு சொல்றோம். ஈரம் பட்டா நார் நீளத்துல அவ்வளவா நீளாது, அகலத்துலதான் ஊதும். அதனால அட்டை, உள்தாள், மேல ஒட்டுற பேப்பர் எல்லாத்துக்கும் கிரெயின் புத்தகத்தோட முதுகுக்கு இணையா மேலேருந்து கீழ ஓடணும், இல்லன்னா பசை காயக் காய ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். நான் என்ன பண்ணினேன்னா, அட்டை வீணாகக் கூடாதுன்னு மிச்சம் பிடிக்கிற நினைப்புல குறுக்க வெட்டிட்டேன். புது நோட்டு ஒண்ணு தைச்சு அனுப்பினேன், அது வேற. அன்னைக்கு ராத்திரி அந்த வளைஞ்ச அட்டையை டேபிள்ல வெச்சு போட்டோ எடுத்து, நான் என்ன தப்பு பண்ணினேன், கிரெயின் எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு உக்காந்து எழுதினேன். ஒரு துண்டு பேப்பரை எடுத்து ஒரு பக்கம் மட்டும் ஈரத்துணியால தொட்டா அது குழாய் மாதிரி சுருளும், அந்தக் குழாய் எந்தப் பக்கம் நீளமா நிக்குதோ அதுதான் கிரெயின், இவ்வளவுதான் விஷயம், மூணு போட்டோல காட்டிட்டேன்.

அதையும் அந்த வாரம் யாரும் பாக்கல. ரெண்டு மூணு மாசம் கழிச்சு ஆட்கள் வர ஆரம்பிச்சாங்க, எல்லாம் கூகுள்ல "நோட்டு அட்டை வளையுது என்ன பண்றது"ங்கிற மாதிரி தேடி வந்தவங்க. பாதிப் பேர் என்னை மாதிரியே தைக்கிறவங்க, அவங்க எதுவும் வாங்க மாட்டாங்க, பரவால்ல. மீதிப் பேர்ல சிலர் மெதுவா ஆர்டர் பண்ணினாங்க. ஒருத்தர் எழுதினார், தப்பை மறைக்காம சொல்றீங்களே, அதான் உங்ககிட்டயே வாங்கலாம்னு தோணுச்சுன்னு. நான் ஆறு மாசம் புதிய வரவு புதிய வரவுன்னு கத்தினதுல ஒரு ஆளும் இப்படிச் சொல்லலீங்க.

அதுக்கப்புறம்தான் என்ன எழுதணும்னு பிடிபட்டுச்சு. நம்மகிட்ட வாங்க வர்றவங்க திரும்பத் திரும்ப என்ன கேக்குறாங்களோ அதான் பதிவு. வேற எதையும் யோசிக்கவே வேண்டாம், ஆர்டர் பேசின மெசேஜ் எல்லாத்தையும் மேல தள்ளிப் பாத்தாலே ஒரு வருஷத்துக்கு எழுத விஷயம் இருக்கு. என்கிட்ட அதிகமா வர்ற கேள்வி, இங்க் பேனால எழுதினா பின்பக்கம் ஊறுமா? எல்லாரும் ஜிஎஸ்எம், அதாவது பேப்பரோட எடைக் கணக்கு, அதிகமா இருந்தா ஊறாதுன்னு நினைச்சுட்டு இருக்காங்க, ஆனா பேப்பர் செய்யும்போது அதுல போடுற சைசிங்னு ஒரு சமாச்சாரம் இருக்கு, மையை உடனே உறிஞ்ச விடாம தடுக்கிறது அதுதான். டோமோயே ரிவர்னு ஒரு ஜப்பான் பேப்பர், வெறும் 52 ஜிஎஸ்எம், அந்தப் பக்கம் எழுத்து நிழலா தெரியும், ஆனா மை ஊறாது, அதே சமயம் 100 ஜிஎஸ்எம்ல சில பேப்பர் துணி மாதிரி உறிஞ்சிடும். இதை ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணிட்டு இருந்தேன், இப்போ ஒரே பதிவு, அஞ்சு பேப்பர்ல ஒரே மையால எழுதி முன்பக்கம் பின்பக்கம் ரெண்டும் போட்டோ. கேட்டா லிங்க் அனுப்பிடுவேன். தலைப்புகூட அவங்க கேட்ட வார்த்தையிலதான், "இங்க் பேனாவுக்கு எந்த நோட்டு நல்லா இருக்கும்?" "காகிதமும் மையும் ஓர் உறவு"ன்னெல்லாம் தலைப்பு வெச்சா படிக்க அழகா இருக்கும், ஆனா அப்படி யாருங்க தேடுவா.

தொழில் ரகசியத்தையெல்லாம் இப்படி எழுதிட்டா எல்லாரும் காப்பி அடிச்சிட மாட்டாங்களான்னு என் தோழி ஒருத்தி பயப்படுவா. அடிப்பாங்கதான். ஆனா படிச்சவங்கள்ல எத்தன பேரு உக்காந்து தைக்கப் போறாங்க? பதினாறு பக்கம் பதினாறு பக்கமா மடிச்சு, எலும்பு ஃபோல்டர்னு மடிப்பை அழுத்துற ஒரு பட்டையால தேச்சு, ஓட்டை குத்தி, மெழுகு தடவின நூலால ஒவ்வொரு கட்டையும் கோத்து, முடிச்சு விழாம இழுத்து, ராத்திரி பூரா பிரஸ்ல வெச்சு... முழுசா படிச்சு முடிச்சதும் நிறைய பேர் "சரிங்க, நீங்களே ஒண்ணு செஞ்சு குடுத்துடுங்க"ன்னுதான் சொல்றாங்க. விலையைக் குறைங்கன்னு கேக்குறதும் குறைஞ்சுருச்சு, எவ்வளவு வேலை இருக்குன்னு கண்ணால பாத்துட்டாங்க இல்ல. இது ஒண்ணும் புது ஐடியா கிடையாது. 1900-லயே மிச்செலின் டயர் கம்பெனி கார் வெச்சிருக்கிறவங்களுக்கு ஒரு கைடு புத்தகத்தை இலவசமா அச்சடிச்சுக் குடுத்துச்சு, டயரை எப்படி மாத்துறது, வழில பெட்ரோல் எங்க கிடைக்கும், எங்க தங்கலாம்னு. அப்போ பிரான்ஸ்ல கார் இருந்ததே 3,000-க்கும் கம்மி, இவங்க அடிச்சது 35,000 பிரதி. டயர் மாத்தச் சொல்லிக் குடுத்ததால டயர் வியாபாரம் ஒண்ணும் படுத்துடல.

ரீல்ஸ் வேண்டாம்னு நான் சொல்ல வரல, தப்பா எடுத்துக்காதீங்க. தையல் போடுற வீடியோ ஒண்ணு போட்டா ரெண்டு நாள்ல பாக்கிற கூட்டம் என் ப்ளாக்குக்கு ஒரு வருஷத்துலயும் வராது. ஆனா மூணாவது நாள் அது எங்க போச்சுன்னே தெரியாது, திரும்ப அடுத்தது போடணும், போடலன்னா நம்மளை மறந்துடும், நோட்டு தைக்கிற கையில போனைப் பிடிச்சுட்டே உக்காந்திருக்க முடியுமா? இன்ஸ்டாகிராம்ல கேப்ஷன் 2,200 எழுத்துக்கு மேல போகாது, அதுல லிங்க் போட்டாலும் தொட்டா திறக்காது. நான் இப்போ வீடியோவை வாசல்ல போடுற கோலம் மாதிரி வெச்சுக்கிறேன், பாத்துட்டு உள்ள வரணும்னு நினைக்கிறவங்களுக்கு வீடு ப்ளாக்தான்.

அந்த வீடும் நம்ம பேர்ல இருக்கணும், அது முக்கியம். ஒரு தடவை ஒரு ஆப்ல என் கணக்கு திடீர்னு லாக் ஆகிடுச்சு, என்ன தப்புன்னு கடைசி வரைக்கும் சொல்லல, பத்தொன்பது நாள். பேசிட்டு இருந்த ஆர்டர் அத்தனையும் அதுக்குள்ள மாட்டிக்கிச்சு, யாருக்கும் தகவல் சொல்லக்கூட வழி இல்ல. நெட்ல எல்லாரும் எழுதிட்டும் வீடியோ போட்டுட்டும் இருந்த பெரிய பெரிய இடமே மூடியிருக்கு, ஜியோசிட்டிஸ் 2009-ல, ஆர்குட் 2014-ல, வைன் 2017-ல, கூகுள் ப்ளஸ் 2019-ல. இலவச ப்ளாக்ல ஆரம்பிக்கிறது தப்பே இல்ல, பிளாகரோ வேர்ட்பிரஸ்ஸோ எதுவா இருந்தாலும் எழுதினதை மொத்தமா ஒரு ஃபைலா இறக்கி வெச்சுக்க வழி இருக்கு, அதை மாசம் ஒரு தடவை பண்ணிடுங்க. படங்களை மட்டும் தனியா ஒரு காப்பி வெச்சுக்கிறது நல்லது. கொஞ்ச நாள் ஓடினதும் சொந்தமா டொமைன், அதாவது வெப்சைட்டுக்கு நம்ம பேர்ல ஒரு அட்ரஸ், வாங்கிடணும், உங்க மெயில் ஐடில, உங்க பேர்லயே வாங்கணும். துணில எம்ப்ராய்டரி பண்ற எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்காவுக்கு, வெப்சைட் செஞ்சு குடுத்த பையன் அவன் பேர்லயே டொமைனை வாங்கி வெச்சிருக்கான், அவன் நம்பர் மாத்திட்டான், வருஷக் கெடு முடிஞ்சு புதுப்பிக்காம விட்டதுல அந்தப் பேரை வேற யாரோ எடுத்துட்டாங்க. விசிட்டிங் கார்டு எல்லாத்துலயும் அந்த அட்ரஸ்தான், பாவம், பேனாவால அடிச்சு அடிச்சுக் குடுத்துட்டு இருந்தாங்க.

சின்னச் சின்ன விஷயம் ரெண்டு மூணு. போன்ல எடுத்த போட்டோவை அப்படியே ஏத்தாதீங்க, ஒவ்வொண்ணும் நாலஞ்சு எம்பி இருக்கும், பக்கம் திறக்கிறதுக்குள்ள வந்தவங்க போயிடுவாங்க, அகலம் 1,200 பிக்சலுக்குக் குறைச்சா நோட்டோட தையல்கூடத் தெளிவா தெரியும். ஜன்னல் பக்கத்துல, வெளிச்சம் ஒரு பக்கமிருந்து விழுற மாதிரி வெச்சு எடுத்தா போதும், ஃப்ளாஷ் போட்டா பேப்பர் செத்த மாதிரி இருக்கும். அப்புறம் "உங்க ப்ளாக்கை கூகுள்ல முதல் இடத்துக்குக் கொண்டு வர்றோம், லிங்க் வாங்குங்க"ன்னு மெயில் வந்துட்டே இருக்கும், ரேங்க்குக்காகக் காசு குடுத்து லிங்க் வாங்குறது கூகுள் விதிப்படியே தப்பு, மாட்டினா இருக்கிற இடமும் போயிடும், அழிச்சுட்டு வேலையைப் பாருங்க.

ஏஐ-ட்ட குடுத்து எழுத வைக்கலாமேன்னு தங்கச்சி சொன்னா. வெச்சுப் பாத்தேன். "காலத்தால் அழியாத காகிதக் கலையின் மகத்துவம்"னு ஆரம்பிச்சு மடமடன்னு ரெண்டு பக்கம் வந்துச்சு, ஒரு எழுத்துப் பிழை கிடையாது. ஆனா அதுல என் ஊசி குத்தின விரல் எங்கயும் இல்ல, அந்த வளைஞ்ச அட்டையும் இல்ல. என் பழைய வரவேற்கிறோம் பதிவை நானே திரும்பப் படிக்கிற மாதிரி இருந்துச்சு.

உற்சாகத்துல நான் பண்ணின ஒரு கூத்தையும் சொல்லிடுறேன், யாராவது தப்பிக்கட்டும். ஒருத்தர் மனைவியோட பிறந்தநாளுக்குன்னு ஆல்பம் செய்யச் சொல்லியிருந்தார், அட்டைல பேர் பொறிச்சு ரொம்ப நல்லா வந்திருந்துச்சு, அன்னைக்கே பதிவுல போட்டுட்டேன். பிறந்தநாளுக்கு இன்னும் நாலு நாள் இருந்துச்சு. அந்தம்மா என் ப்ளாக்கைத் தவறாம படிக்கிறவங்கன்னு எனக்கு எப்படிங்க தெரியும். இப்போ ஆர்டர் ஃபார்ம்லயே கேட்டுடுறேன், போட்டோ போடலாமா, எந்தத் தேதிக்கு அப்புறம் போடலாம்னு.

தினமும் எழுதணுமான்னா தேவையே இல்ல. நான் மாசத்துக்கு ரெண்டு, சில மாசம் ஒண்ணு. ப்ளாக் பழசுதான், ஒத்துக்கிறேன், 1997-ல ஜார்ன் பார்கர்னு ஒருத்தர் வெப்லாக்னு பேர் வெச்சு, 1999-ல பீட்டர் மெர்ஹோல்ஸ் அதை விளையாட்டா "வி ப்ளாக்"னு, அதாவது நாங்க ப்ளாக் பண்றோம்னு, பிரிச்சுப் போட்டதுல வந்த பேரு. பழசானதெல்லாம் முடிஞ்ச கதைன்னா தாளை மடிச்சு ஊசி நூலால தைக்கிற என் தொழிலுக்கு என்ன பேருங்க வைக்கிறது. இன்னொண்ணும் சொல்லணும். அந்தக் கட்டுரை வந்த பேப்பரை நான் பசை கொட்டாம இருக்க மேஜைல விரிச்சுட்டேன், இந்த லெட்டர் எழுத உக்காந்தப்போ உங்க வெப்சைட்ல தேடி எடுத்துதான் திரும்பப் படிச்சேன். எழுத்தா இருந்ததால ஒரு நிமிஷத்துல கிடைச்சுது. கட்டுரை எழுதினவங்க அதையே ஒரு ரீல்ஸா போட்டிருந்தா நான் எங்க போய்த் தேடியிருப்பேன்னு அவங்களையே கேட்டுச் சொல்லுங்க.

அடுத்த பதிவுக்கு விஷயம் நேத்தே வந்தாச்சு. ஒருத்தர் அவங்க அப்பா கையெழுத்துல இருக்கிற பழைய நோட்டைத் திரும்ப பைண்ட் பண்ண முடியுமான்னு கேட்டிருக்கார், முதுகு பிரிஞ்சு போய் செலோடேப் ஒட்டி வெச்சிருக்காராம். டேப்பை மட்டும் தயவுசெஞ்சு பிச்சு எடுத்துடாதீங்கன்னு உடனே ஒரு வரி அனுப்பிட்டேன், ஏன்னு ஞாயித்துக்கிழமை எழுதணும்.

இப்படிக்கு,
நோட்டு தைக்கும் ஒரு வாசகி