‘30 நிமிடம் வரை’ என்று விற்ற யுபிஎஸ் 4 நிமிடத்தில் அணைவது குறித்துப் புகார்

அனுப்புநர்:
ஒரே தாமானைச் சேர்ந்த மூன்று குடும்பத்தார்,
சுங்கை சிப்புட், பேராக்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: வீட்டுக் கணினிக்கான 650 விஏ யுபிஎஸ் – பழைய பேட்டரி, கூடுதல் சார்ஜ் வோல்ட்டேஜ், பெட்டியில் மறைக்கப்பட்ட விவரங்கள்.

ஐயா / அம்மையீர், வணக்கம்.

எங்கள் பட்டணத்துக் கடையில் உங்கள் 650 விஏ யுபிஎஸ் (கரண்ட் போனால் பேட்டரியில் கணினியை ஓட்டும் கருவி) வீட்டுக்கு ஒன்றாக மூன்று வாங்கினோம். ஒன்றின் விலை 199 ரிங்கிட். பெட்டியின் முகப்பில் ‘650’ என்ற எண்ணும் ‘30 நிமிடம் வரை’ என்ற வாசகமும் கண்ணில் அறைவதுபோல் அச்சிடப்பட்டிருக்கின்றன. வாங்கிய முதல் வாரத்திலிருந்தே, கரண்ட் போனால் இரண்டு வீடுகளில் கருவி 4 நிமிடத்தில் அணைந்துவிடுகிறது. மூன்றாவது வீட்டில் கரண்ட் போன அதே கணத்தில் யுபிஎஸ்ஸும் கணினியும் சேர்ந்தே அணைகின்றன. மூன்று புகாருக்கும் உங்கள் சேவை மையம் அனுப்பிய பதில் ஒன்றேதான்: சுமை அதிகம், வைத்த இடம் சூடு, பேட்டரி தேய்மானப் பொருள், ஆகவே உத்தரவாதம் கிடையாது. இந்தக் காரணங்களில் ஒன்றுகூடப் பொருந்தாது. அளந்து பார்த்த எண்களோடு விளக்குகிறோம்.

முதலில் சுமை. 650 என்பது வோல்ட்-ஆம்பியர் (விஏ) கணக்கு. இந்தக் கருவி உண்மையில் தரக்கூடியது 360 வாட். அது பின்பக்க ஸ்டிக்கரில், பிளக் பொருத்தும் இடத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கிறது. முதல் இரண்டு வீடுகளின் சுமையையும் வாட் மீட்டரில் அளந்தோம். இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான்: கணினிப் பெட்டி 85 வாட், 24 அங்குலத் திரை 22 வாட், ரவுட்டர் 9 வாட், ஆக 116 வாட். 360இல் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. லேசர் பிரிண்டர் எதையும் பேட்டரி சாக்கெட்டில் மாட்டவில்லை. அதன் உருளை சூடேறும் நேரத்தில் ஆயிரம் வாட் அளவுக்கு இழுக்கும், அதை இத்தகைய கருவியில் மாட்டவே கூடாது என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே ‘சுமை அதிகம்’ என்ற பதில் எதையும் அளக்காமல் எழுதிய பதில்.

அடுத்தது நேரம். உள்ளே இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரி ஒன்று. பெருக்கினால் 84 வாட்-மணி வரும். ஆனால் அந்த 7 ஆம்பியர்-மணி, 20 மணி நேரத்தில் மெதுவாக, 0.35 ஆம்பியர் வீதம் எடுத்தால் கிடைக்கும் அளவு. 116 வாட் சுமைக்கு, பேட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்து, பேட்டரியிலிருந்து சுமார் 145 வாட், அதாவது 12 ஆம்பியர் எடுக்க வேண்டும். அந்த வேகத்தில் இழுத்தால் நல்ல பேட்டரிகூட 50 வாட்-மணி அளவே கொடுக்கும். ஆக 20 நிமிடத்தை ஒட்டித் தாங்க வேண்டும். முழு 360 வாட்டையும் ஏற்றினால் 3 அல்லது 4 நிமிடம்தான். ஏறக்குறைய 80 வாட் அளவுக்கு இறக்கினால்தான் நீங்கள் சொல்லும் 30 நிமிடம் வரும். எந்தச் சுமைக்கு இந்த 30 என்று பெட்டியிலும் எழுதவில்லை, கையேட்டிலும் எழுதவில்லை. எங்களுக்குக் கிடைப்பதோ நியாயமாக வரவேண்டிய 20 நிமிடத்தில் ஐந்தில் ஒரு பங்கு.

காரணம் பேட்டரிதான் என்பதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை. அடிப்பக்க மூடியைப் பயனரே திறந்து பேட்டரியை மாற்றலாம் என்று உங்கள் கையேடு சொல்கிறது. திறந்து பார்த்தோம். 4 நிமிடத்தில் அணையும் இரண்டு கருவிகளிலும் பேட்டரி தயாரான தேதி, ரசீதில் உள்ள தேதிக்கு 14 மாதம் முந்தியது. மூன்றாவது வீட்டுப் பேட்டரி 5 மாதம் முந்தியது. இரவு முழுக்க சார்ஜ் ஏற்றி, கழற்றி, நான்கு மணி நேரம் சும்மா வைத்துவிட்டு மல்ட்டிமீட்டரில் அளந்தால் நல்ல பேட்டரி 12.8 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். மூன்றாவது வீட்டுடையது 12.9 காட்டியது. மற்ற இரண்டும் 12.4இல் நின்றன. பிறகு பேட்டரிகளை இடம் மாற்றினோம். 12.9 காட்டிய பேட்டரியை முதல் வீட்டுக் கருவியில் போட்டபோது அதே 116 வாட் சுமை 19 நிமிடம் ஓடியது. முதல் வீட்டுப் பேட்டரியை மூன்றாவது கருவியில் போட்டு அதே சுமையைக் கொடுத்தபோது 4 நிமிடத்தில் அணைந்தது. பேட்டரி போன இடத்துக்கெல்லாம் கோளாறும் கூடவே போனது.

இந்த வகைப் பேட்டரி பெட்டிக்குள் சும்மா கிடந்தாலும் தன் சார்ஜைத் தானே இழக்கும். 25 பாகை செல்சியஸில் மாதத்துக்குச் சுமார் 3 விழுக்காடு. 10 பாகை கூடினால் அந்த வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். சார்ஜ் இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் விட்டால் தகடுகளில் ஈய சல்பேட் படிகங்கள் இறுகிவிடும். அதன்பின் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. இதனால்தான் கிடங்கில் இருக்கும் பேட்டரிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது, சூடான இடமாக இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மறுசார்ஜ் ஏற்ற வேண்டும். 14 மாதம் எந்தக் கிடங்கில் கிடந்தது என்பது உங்களுக்குத்தான் தெரியும். எங்கள் வீட்டுக்கு வரும்போதே அது பாதி செத்த பேட்டரி. தேய்மானப் பொருள் என்ற சொல், பயன்படுத்தித் தேய்ந்த பொருளுக்கே பொருந்தும்.

சூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். துத்தநாகக் கூரை வீட்டில் பிற்பகலில் மேசைக்கடியில் 34 பாகை வரை போவது உண்மை. ஆனால் 0 முதல் 40 பாகை வரை இயங்கும் என்று உங்கள் கையேட்டில் நீங்களே அச்சிட்டிருக்கிறீர்கள். சூட்டில் பேட்டரி ஆயுள் குறையும் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஆயுள் பாதியாகும் என்பது இத்துறையில் பொதுவான கணக்கு. அந்தக் கணக்கில் நாலு வருடம் ஓட வேண்டியது இரண்டு வருடம் ஓடட்டும், ஏற்றுக்கொள்கிறோம். முதல் வாரத்திலேயே 4 நிமிடத்தில் நிற்பதற்கு எங்கள் கூரை காரணமாக முடியாது.

இதைவிட எங்களைக் கவலைப்படுத்துவது சார்ஜர். எப்போதும் மின்சாரத்திலேயே இருக்கும் 12 வோல்ட் பேட்டரிக்கு 13.5 முதல் 13.8 வோல்ட் வரை கொடுக்க வேண்டும். சூடு கூடக் கூட அதைச் சற்றுக் குறைக்கவும் வேண்டும்: ஒவ்வொரு பாகைக்கும் செல் ஒன்றுக்கு 3 மில்லிவோல்ட், ஆறு செல்லுக்கு 18. அதாவது 35 பாகையில் கிட்டத்தட்ட 0.2 வோல்ட் இறங்க வேண்டும். உங்கள் கருவிகள் மூன்றும், சார்ஜ் நிறைந்த பிறகும், காலையானாலும் பிற்பகலானாலும் 14.1 வோல்ட்டிலேயே நிற்கின்றன. இப்படியே விட்டால் உள்ளே இருக்கும் நீர் வாயுவாகி வெளியேறிப் பேட்டரி வறண்டுவிடும், பக்கங்கள் உப்பிக் கருவியின் பேட்டரி அறைக்குள் இறுகிக்கொள்ளும். இப்போது நன்றாக இருக்கும் மூன்றாவது பேட்டரியும் அதே வழியில்தான் போகும். வெறும் பேட்டரி மாற்றித் தந்தால் புகார் தீர்ந்துவிடாது என்று நாங்கள் சொல்வதற்கு இதுதான் காரணம்.

இனி மூன்றாவது வீடு. அங்கே நல்ல பேட்டரி இருந்தும் கருவி ஒரு விநாடி தாங்கவில்லை. கணினியும் திரையும் ரவுட்டரும் சேர்ந்து 210 வாட்தான். மின்சாரத்திலிருந்து பேட்டரிக்கு மாறும் நேரம் 10 மில்லி விநாடி என்று உங்கள் கையேடு சொல்கிறது. கணினியின் பவர் சப்ளை அதற்கும் கூடுதலாக, சுமார் 16 மில்லி விநாடி வரை மின்சாரமின்றித் தாங்க வேண்டும் என்பதே கணினிப் பவர் சப்ளைகளுக்கான ஏடிஎக்ஸ் வழிகாட்டியின் அளவு. ஆக மாறும் நேரமும் காரணமில்லை. 100 வாட் குண்டு பல்பு இரண்டை அதே சாக்கெட்டில் மாட்டிப் பார்த்தபோது கருவி அசையாமல் ஓடியது. காரணம் அலைவடிவம். சுவரிலிருந்து வருவது 325 வோல்ட் உச்சம் வரை வழுவழுப்பாக ஏறி இறங்கும் சைன் அலை. உங்கள் இன்வெர்ட்டர் கொடுப்பதோ படிக்கட்டு அலை: திடீரென மேலே, சற்று நேரம் பூஜ்யம், திடீரெனக் கீழே. அந்த வீட்டுக் கணினியில் இருப்பது ஆக்டிவ் பிஎஃப்சி உள்ள பவர் சப்ளை. வரும் அலையின் வடிவத்தைப் பின்பற்றியே அது மின்னோட்டத்தை இழுக்கும். படி ஏறும் கணத்தில் அது ஒரேயடியாக இழுக்கும்போது உங்கள் கருவி அதை அதிகச் சுமை என்று எண்ணித் தன்னை அணைத்துக்கொள்கிறது. இன்று கடையில் கிடைக்கும் நல்ல பவர் சப்ளைகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். அவற்றுக்குத் தூய சைன் அலை தரும் யுபிஎஸ் வேண்டும். உங்கள் பெட்டியில் அலைவடிவம் பற்றி ஒரு சொல்கூட இல்லை. கையேட்டின் விவரப் பட்டியலில் மட்டும் ‘சிமுலேட்டட்’ என்று ஒரே சொல் இருக்கிறது, விளக்கம் இல்லாமல்.

எங்கள் பக்கத்தில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழையில் கரண்ட் ஒன்றிரண்டு விநாடி வெட்டி வெட்டி வரும். மணிக்கணக்கில் போவதைவிட இதுதான் அதிகம். ஆகவே 30 நிமிடம் ஓடாதது ஒரு குறை என்றால், மாறும் கணத்திலேயே விழுவது அதைவிடப் பெரிய குறை. எழுதிக்கொண்டிருந்த கோப்பும் ஹார்ட் டிஸ்க்கும் பாழாவது அந்த ஒரு கணத்தில்தான்.

பெட்டியில் உள்ள ‘வோல்ட்டேஜ் பாதுகாப்பு’ என்ற வாசகமும் சரியில்லை. இது ஏவிஆர் (வோல்ட்டேஜைச் சீராக்கும் அமைப்பு) இல்லாத ஆஃப்லைன் கருவி. வோல்ட்டேஜ் இறங்கினால் அதைத் தூக்கிக் கொடுக்காது, பேட்டரிக்குத் தாவும். விளக்குக்கு இழுத்த 1.5 சதுர மில்லிமீட்டர் வயரிலிருந்தே சாக்கெட்டுக்கும் இழுத்திருக்கும் பழைய லயத்து வீடுகளில், மோட்டாரும் ரைஸ் குக்கரும் ஓடும் மாலை நேரத்தில் இது டக் டக்கென்று மாறி மாறிப் பேட்டரியைக் கரைத்துவிடும். எர்த் சரியில்லாத வீட்டில் இதன் சர்ஜ் (திடீர் வோல்ட்டேஜ் ஏற்றம்) பாதுகாப்பும் பெரும்பகுதி பயன்படாது. அதைச் சொல்லும் எச்சரிக்கை விளக்குகூட இந்த மாடலில் இல்லை. ரவுட்டருக்கு மட்டும் என்றால் இது போதுமான கருவி, அப்படிச் சொல்லி விற்றிருந்தால் எங்களுக்கு மனக்குறை இருந்திருக்காது.

கடைக்காரர் மீது எங்களுக்கு வருத்தமில்லை. நீங்கள் கொடுத்த பெட்டியில் உள்ளதைத்தான் அவரும் படித்துச் சொன்னார். கோலாலம்பூரில் இருப்பவர் பத்துக் கடை ஏறி விசாரிக்கலாம். தோட்டப்புறப் பட்டணத்தில் ஒரு கடை, ஒரு மாடல், பெட்டி சொல்வதே வேதம். மாதம் 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் வாங்கும் வீட்டில் 199 ரிங்கிட் என்பது மூன்று நாள் கூலி. அந்தக் குடும்பம் பிள்ளையின் படிப்புக்காக வாங்கும் பொருள் இது.

ஆகவே நாங்கள் கேட்பது இவை. முதல் இரண்டு கருவிகளுக்கு, தயாராகி ஆறு மாதத்துக்கு மேற்படாத பேட்டரியும், சார்ஜ் வோல்ட்டேஜைச் சரிசெய்த போர்டும் தரவேண்டும். இல்லையேல் முழுப் பணம். மூன்றாவது கருவியைத் திரும்பப் பெற்றுக்கொண்டு 199 ரிங்கிட்டையும் கொடுக்க வேண்டும், அல்லது தூய சைன் அலை மாடலைத் தந்து விலை வித்தியாசத்தை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். கருவிகளை எங்கள் செலவில் பார்சல் அனுப்பச் சொல்லியிருக்கிறீர்கள், அந்தச் செலவை நீங்களே ஏற்க வேண்டும்.

மாற்றுப் பேட்டரி கடையில் கிடைக்கவும் வழி செய்யுங்கள். ஆட்டோ கேட்டுக்கு (தானியங்கி வாசல் கதவுக்கு) விற்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி அளவில் கச்சிதமாகப் பொருந்தும் என்பதால் எல்லாரும் அதையே போடுகிறார்கள். ஆனால் அதன் முனை பெரும்பாலும் 4.8 மில்லிமீட்டர், உங்கள் வயரின் கிளிப் 6.3 மில்லிமீட்டர். தொளதொளவென்று நிற்கும் அந்த இணைப்பில் 30 ஆம்பியர் ஓடினால் சூடேறி பிளாஸ்டிக் உருகும். முனை அளவையும், வேகமாக இழுக்கத் தாங்கும் வகைப் பேட்டரி வேண்டும் என்பதையும் மூடியின் உட்புறம் அச்சிடுங்கள். பழைய பேட்டரியைக் கடையிலேயே திரும்பப் பெறுங்கள். ஈயப் பேட்டரி இந்நாட்டில் திட்டமிடப்பட்ட கழிவு, குப்பைத்தொட்டியில் போடக்கூடாதது.

பெட்டியின் முகப்பில் 650க்குப் பக்கத்தில் அதே அளவு எழுத்தில் 360 வாட் என்று இருக்க வேண்டும். 60, 120, 240 வாட் சுமைகளுக்குத் தனித்தனியாக எத்தனை நிமிடம், அலைவடிவம் எது, ஆக்டிவ் பிஎஃப்சி கணினிக்கு ஆகுமா ஆகாதா, ஏவிஆர் உண்டா, பேட்டரி எந்த மாதம் தயாரானது ஆகியவை பெட்டியைப் பிரிக்காமலே படிக்கும்படி இருக்க வேண்டும்.

1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 32ஆம் பிரிவு பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. 34ஆம் பிரிவு விவரித்தபடி இருக்க வேண்டும் என்கிறது, 37ஆம் பிரிவு பழுதுபார்ப்புக்கும் உதிரிப் பாகத்துக்கும் உத்தரவாதம் தருகிறது. ‘உத்தரவாதம் கிடையாது’ என்று உங்கள் அட்டையில் எழுதிக்கொள்வதால் இவை இல்லாமல் போய்விடாது. இக்கடிதம் கிடைத்த 14 வேலை நாளுக்குள் எழுத்துபூர்வமான பதில் வேண்டும். வராவிட்டால் மூன்று குடும்பமும் தனித்தனியாக மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் மனு கொடுப்போம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை அது விசாரிக்கும், மனுக் கட்டணம் 5 ரிங்கிட்.

ரசீதுகளின் நகல், பேட்டரித் தேதிகளின் படங்கள், வாட் மீட்டர், மல்ட்டிமீட்டர் அளவுகளின் படங்கள் ஆகியவற்றை இணைத்துள்ளோம். உங்கள் தொழில்நுட்பர் நேரில் வந்து இதே சோதனைகளைச் செய்து பார்க்கலாம். பேட்டரிகளை அப்படியே வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
மூன்று குடும்பத்தாரும்,
சுங்கை சிப்புட்.