எல்லையை அளந்து கல் நட்டுத் தரக் கோரி நான்காவது மனு

அனுப்புநர்: வாய்க்காலை ஒட்டிய தெருவின் கடைசி வீட்டு மனுதாரர்

பெறுநர்: வட்டாட்சியர் அவர்கள், வட்டாட்சியர் அலுவலகம்

பொருள்: என் மனைக்கும் வடபக்கத்து மனைக்கும் இடையிலான எல்லையை அளந்து கல் நட்டுத் தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நான் ஏற்கனவே கொடுத்த மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் தெரு தங்களுக்குத் தெரியும். வாய்க்கால் கரை உடைந்தபோது தாங்களே நேரில் வந்து, என் வீட்டு வாசலில் நின்றுதான் பார்வையிட்டீர்கள். வீட்டின் வடபக்கம் இருந்த நடைவழியையும் அப்போது பார்த்திருப்பீர்கள். இப்போது அது பேருக்குத்தான் இருக்கிறது. எட்டு மாதமாக அதற்காகத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

1. வடபக்கத்து மனைக்காரர் பழைய கல்தூண் வேலியைப் பிடுங்கிவிட்டுப் புது முள்கம்பி வேலி போட்டார். வேலை நடந்த இரண்டு நாளும் நாங்கள் அம்மாவுடன் மருத்துவமனையில் இருந்தோம். திரும்பி வந்து பார்த்தால் வேலி என் சுவரை நெருங்கி நிற்கிறது. வடகிழக்கு மூலையில் இருந்த சர்வே கல்லைக் காணோம். கல் இருந்த இடத்தில் புதுமண்ணைப் போட்டு மிதித்து வைத்திருந்தார்கள்.

2. பழைய புல வரைபடத்தில் என் மனையின் கிழக்குப் பக்கம் 62 லிங்க்ஸ் (சர்வே சங்கிலியின் கண்ணி அளவு). 100 லிங்க்ஸ் 66 அடி என்றால், 62 லிங்க்ஸுக்கு 40 அடி 11 அங்குலம் வர வேண்டும். இப்போது டேப் பிடித்தால் 37 அடி 10 அங்குலம்தான் வருகிறது. அந்தக் காலத்தில் சங்கிலி இழுத்து அளந்ததில் ஓரிரு அங்குலம் முன்னே பின்னே இருக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். மூன்றடி எப்படிக் குறையும்?

3. முதல் மனுவுக்குப் பதில் இல்லை. இரண்டாவது மனுவுக்குப் பிறகு நில அளவர் ஒருவர் திடீரென்று வந்தார். எனக்கும் நோட்டீஸ் இல்லை, பக்கத்து மனைக்காரருக்கும் இல்லை. வந்தவர் பக்கத்து வீட்டுச் சுவரைப் பிடித்து டேப் போட்டார். சுவர் எல்லைக்கல் ஆகுமா ஐயா? கொத்தனார் நூல் பிடித்த இடத்தில் நிற்பது சுவர். வரைபடத்தில் உள்ள இரண்டு கல்லைப் பிடித்து, மூலைவிட்டத்தையும் சரிபார்த்தால்தானே காணாமல் போன கல் எங்கே இருந்தது என்று சொல்ல முடியும்? தென்கிழக்குக் கல்லும் தென்மேற்குக் கல்லும் அசையாமல் இருக்கின்றன. அவர் வந்தால் தெரிய வேண்டும் என்று புதரை வெட்டிச் சுத்தம் செய்து வைத்திருந்தேன். அந்தப் பக்கம் அவர் வரவே இல்லை. பத்து நிமிடத்தில், ‘எதிர்தரப்பு ஊரில் இல்லை’ என்று எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டார். மூன்றாவது மனு என்ன ஆனது என்றே தெரியவில்லை.

4. இனி நான் சொல்வதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். என் அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து சக்கர நாற்காலிதான். முன்வாசலில் நாலு படி. அதனால்தான் பின்கதவில் சாய்தளம் கட்டி, வடபக்க நடைவழியாகத் தெருவுக்கு வரும்படி செய்திருந்தோம். ஐந்தடி வழி. சாயங்காலமானால் அம்மா தானே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கேட் வரைக்கும் வந்து, போகிற வருகிறவர்களிடம் பேசிக்கொண்டிருப்பார். இப்போது அந்த வழி இரண்டு அடிகூட முழுசாக இல்லை. நாற்காலியின் அகலம் 26 அங்குலம். முதல் நாள் தெரியாமல் வந்தவர் சுவருக்கும் கம்பிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். சக்கரத்தைப் பிடித்திருந்த இடது கையில் மூன்று விரல் முட்டியிலும் தோல் உரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் கதவைத் திறக்கச் சொல்லி அவர் கேட்பதே இல்லை.

போன மாதம் நள்ளிரவில் அவருக்கு மூச்சுத் திணறல். ஆம்புலன்ஸ் ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டது. முன்வாசல் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை, நடைவழியில் நுழையவே இல்லை. கடைசியில் போர்வையில் படுக்கவைத்து நாலு பேர் நாலு முனையைப் பிடித்துப் படியில் இறக்கினோம். அந்த வேலியை டார்ச் அடித்துப் பார்த்த ஆம்புலன்ஸ் பையன், “இது எதுக்குங்க இங்க வந்து நிக்குது?” என்று கேட்டான். எட்டு மாதமாக நானும் அதைத்தான் கேட்கிறேன் ஐயா. அடுத்த முறை என்ன செய்வது? யார் பதில் சொல்வார்கள்?

5. அலுவலகத்துக்கு வந்தால், “இது சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கள்” என்கிறார்கள். இடம் யாருடையது என்று தீர்ப்புச் சொல்லுங்கள் என்று நான் கேட்கவே இல்லை. வரைபடத்தில் இருக்கிற கோடு தரையில் எங்கே ஓடுகிறது என்று காட்டச் சொல்கிறேன். அது நில அளவருடைய வேலை. சரி, கோர்ட்டுக்கே போனாலும் அங்கே என்ன நடக்கும்? இடத்தைப் பார்த்து அறிக்கை தர ஒரு வக்கீலைக் கமிஷனராக நியமிப்பார்கள், அவர் சர்வேயரைக் கூட்டிக்கொண்டு அளக்கத்தான் வருவார். அந்த அளவை இப்போதே செய்துவிட்டால் என்ன?

6. பக்கத்து மனைக்காரர் மீது எனக்குப் பகை இல்லை. இருபது வருடம் முகம் பார்த்துப் பேசியவர்கள் நாங்கள். அளந்து பார்த்து, வேலி சரியான இடத்தில்தான் இருக்கிறது என்று வந்தால் அன்றைக்கே கையெழுத்துப் போடுகிறேன். என் சுவரை இடித்தாவது அம்மாவுக்கு வழி செய்துகொள்கிறேன். அளக்காமலே விட்டால் நான் எதை நம்பிச் சுவரை இடிப்பது?

7. அளந்து கொடுங்கள் ஐயா. அவ்வளவுதான்.

இரு தரப்புக்கும் முறைப்படி நோட்டீஸ் கொடுத்து, தென்புறத்துக் கற்களிலிருந்து அளந்து, காணாமல் போன கல்லை அதன் இடத்தில் நட்டு, அளவு விவரத்தை எழுத்தில் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அளவுக் கட்டணத்தை முதல் மனுவோடு செலுத்திவிட்டேன். எந்தத் தேதியில் வருவார்கள் என்பதை மட்டுமாவது இந்த முறை தெரிவியுங்கள். வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு, காலையிலிருந்தே தென்கிழக்குக் கல் பக்கத்தில் நிற்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
மனுதாரர்