அப்பாவை வழியனுப்பிய எங்கள் புளோக்குக்கு

அன்புள்ள அண்டை வீட்டாருக்கு,

உங்களில் பலரால் இதைப் படிக்க முடியாது என்று தெரியும். உங்களுக்காகத் தம்பி ஆங்கிலத்தில் ஒரு தாள் எழுதி, லிஃப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டான். அதில் நாலு வரிதான். அப்பா பேசிய மொழியில் முழுவதையும் எழுதினால்தான் எனக்கு மனம் ஆறும்.

அப்பா சனிக்கிழமை விடிகாலையில் போனார். தம்பி மெல்பர்னிலிருந்து வந்து சேர ஞாயிறு காலை ஆகும். சிங்கப்பூரில் வீவக என்னும் அரசு அடுக்குமாடி வீட்டில் இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு, புளோக்கின் கீழ்த்தளத்தில் திறந்து கிடக்கும் வாய்ட் டெக்கில்தான் கல்யாணம், சாவும் வாய்ட் டெக்கில்தான். இடம் கேட்டு நகர மன்றத்துக்கு ஃபோன் போட்டபோதுதான் ஞாபகம் வந்தது: ஞாயிற்றுக்கிழமை அங்கே நாலாம் மாடி மலாய்க் குடும்பத்தின் கல்யாணம். அழைப்பிதழ் எங்கள் ஃபிரிட்ஜ் கதவிலேயே இருந்தது.

பக்கத்து புளோக்குக்குப் போய்விடலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். பாக்சிக் (மலாயில் மாமா), கல்யாணப் பெண்ணின் அப்பாவான நீங்கள் அதற்குள் விஷயம் தெரிந்து மேலே வந்துவிட்டீர்கள். இருபத்தேழு வருஷம் இருந்த புளோக்கிலிருந்துதான் அவர் போக வேண்டும் என்று மலாயில் அம்மாவிடம் சொன்னீர்கள். மகள் கல்யாணத்தை வைத்துக்கொண்டு யார் அப்படிச் சொல்வார்கள்? சமையல் கூடாரம் கார் நிறுத்தும் பக்கம் போனது. நடுவில் துணித் திரை வந்தது. நடுப்பகலில் மாப்பிள்ளையோடு வர வேண்டிய கொம்பாங் மேளம் மூன்று மணிக்குத் தள்ளிப்போனது. உங்களுக்குச் சங்கடம் வேண்டாம் என்று நாங்கள் உறுமி மேளத்தை நிறுத்தச் சொல்லியிருந்தோம். அதற்கும் கோபித்துக்கொண்டீர்கள். இரண்டு மணிவரை எங்கள் மேளம், மூன்று மணிக்கு உங்கள் மேளம் என்று முடிவானது. அந்த இடைவெளியில் தரையில் கிடந்த பூவைக் கூட்டி அள்ளியது உங்கள் வீட்டுப் பிள்ளைகள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாய்க்கரிசி போட வரிசை நின்றபோது நீங்கள் ஒதுங்கி நின்றீர்கள். “இது எங்கள் வழக்கத்தில் கூடாது” என்று என்னிடம் நேராகவே சொன்னீர்கள். யாரும் தப்பாக நினைக்கவில்லை. பெட்டியைத் தூக்கும்போது முதல் ஆளாகத் தோள் கொடுத்ததும் நீங்கள்தான். மண்டாய் தகனச்சாலை வரைக்கும் வந்துவிட்டு, பெண் அழைக்கிறாள் என்று டாக்சி பிடித்து ஓடினீர்கள்.

எதிர் வீட்டுச் சீனப் பாட்டி ஆ மா வந்தபோது கையில் மூன்று ஊதுபத்தி. அப்பா படத்துக்கு முன்னால் நின்று மூன்று முறை வணங்கினார். எங்கள் உறவில் ஒருவர் முகம் சுளித்தார். அவருக்குத் தெரியாது, வாட்டர்லூ ஸ்ட்ரீட்டில் குவான் இம் சீனக் கோயிலுக்குப் போகும் ஆ மா, பக்கத்திலிருக்கும் கிருஷ்ணன் கோயிலிலும் பத்தி ஏற்றாமல் வீடு திரும்பமாட்டார். அங்கே அப்படி வணங்கும் சீனர்கள் ஏராளம். காரியம் செய்ய வந்த பெரியவர்தான், “வாசனைதானே, வைக்கட்டும்” என்று அந்தப் பேச்சை முடித்தார். எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டாத இரண்டு நாளும் ஆ மா பீஹூன் (அரிசி சேமியா) செய்து அனுப்பினார், முட்டைகூடச் சேர்க்காமல். சீன மாதத்தில் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம் சாப்பிடுகிறவருக்கு நாங்கள் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

உண்மையில் அப்பா இந்த புளோக்கை விட்டே போயிருக்க வேண்டியவர். ஒரு முறை வீட்டை விற்கப் பார்த்தார். சீனக் குடும்பம் ஒன்று நல்ல விலை சொன்னது. ஆனால் ஒரு புளோக்கில் எந்த இனத்தார் எவ்வளவு பேர் இருக்கலாம் என்று 1989 முதல் இருக்கும் இன விகித விதிப்படி எங்கள் புளோக்கில் சீனருக்கான 87 விழுக்காடு நிரம்பிவிட்டதால் அவர்களுக்கு விற்க முடியவில்லை. வாங்க வந்த மற்றவர்கள் குறைத்துக் கேட்டார்கள். அப்பா வருஷக்கணக்கில் அந்த விதியைத் திட்டினார். அவர் திட்டியதில் நியாயம் உண்டு, அந்த நஷ்டம் பெரும்பாலும் எங்களைப் போன்ற சிறுபான்மையினர் தலையில்தான் விழுகிறது. ஆனால் அவரைத் தூக்கிய தோள்களைப் பார்த்தபோது, விற்காமல் போனது நல்லதாயிற்று என்று அம்மா அழுதுகொண்டே சொன்னார். விதி நம்மை ஒரே புளோக்கில் வைத்தது, அவ்வளவுதான். கதவைத் திறந்தது நீங்கள்.

அப்பாவும் லேசான ஆள் இல்லை. சீனர்களின் ஏழாம் மாதத்தில் இறந்தவர்களுக்காக ஆ மா எரிக்கும் தாளின் சாம்பல் பறந்து, மூங்கில் கழியில் காயும் வெள்ளை வேட்டியில் விழுந்ததற்காகக் கத்தியிருக்கிறார். அப்புறம் ஒரு ஏற்பாடு வந்தது. எரிப்பதற்கு முதல் நாள் ஆ மா எங்கள் கதவைத் தட்டுவார், அப்பா துணிகளை உள்ளே எடுத்துவிடுவார். பொது மொழி இல்லாமல், கையசைப்பிலேயே பல வருஷம் நடந்த ஏற்பாடு அது.

ஆ மா, ஏழாம் மாதம் வருகிறது. வழக்கம்போல முதல் நாள் வந்து தட்டுங்கள். துணியை அம்மா எடுத்து வைப்பார்.

நன்றியுடன்,
ஒன்பதாம் மாடிப் பெண்