‘மாயம்’ என்று போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

‘இளம்பெண் மாயம்’ என்று உள்ளூர்ப் பக்கத்தில் அடிக்கடி நான்கு வரிச் செய்தி வருகிறது. வேலைக்குப் போனவர் வீடு திரும்பவில்லை, தாயார் புகார், போலீசார் விசாரணை. அவ்வளவுதான். அப்புறம் அந்தப் பெண் கிடைத்தாளா, இல்லையா என்று யாரும் எழுதுவதில்லை. என் அக்கா மகளுக்கும் அப்படி நான்கு வரி வந்தது. 6 வருடம் ஆகிவிட்டது.

அவளுக்கு அப்போது 20 வயது. மதுரை அண்ணா நகரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. “மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ்சுக்கு நிற்கிறேன், தோசை ஊற்றி வை” என்று இரவு 8 மணிக்கு அக்காவுக்குப் போன் செய்தாள். அதுதான் கடைசி.

அன்று இரவே ஸ்டேஷனுக்கு ஓடினோம். ஒரு இடத்தில், வீடு இருக்கும் ஊரில் போய்க் கொடுங்கள் என்றார்கள். அங்கே போனால், காணாமல் போனது மதுரையில்தானே என்றார்கள். “மேஜர் பொண்ணு, யாரோடயாவது போயிருப்பா, ரெண்டு நாள்ல போன் வரும்” என்று அக்காவின் முகத்துக்கு நேராகவே ஒருவர் சொன்னார். நான்காம் நாள்தான் வழக்குப் பதிந்தார்கள். பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடைகளில் கேமரா பதிவைக் கேட்டுப் போனபோது பழையது அழிந்து, அதன் மேல் புதியது ஏறியிருந்தது. அந்த நான்கு நாளை யார் திருப்பித் தருவது?

எங்கள் சொந்தக்காரர்களும் குற்றமில்லாதவர்கள் இல்லை. வெளியே தெரிந்தால் அவள் தங்கச்சிக்கு மாப்பிள்ளை வராது என்று, ‘காணவில்லை’ போஸ்டர் ஒட்டவே விடவில்லை.

எந்த ஸ்டேஷனில் புகார் கொடுத்தாலும் வாங்க வேண்டும், எல்லை பார்க்கக் கூடாது என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சட்டத்தில் அதை வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். தண்டனைக்குரிய பெரிய குற்றம் நடந்ததாகப் புகார் வந்தால் வழக்குப் பதிந்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-லேயே லலிதா குமாரி வழக்கில் சொல்லிவிட்டது. அந்த வழக்கே காணாமல் போன ஒரு சிறுமிக்காக அவள் தகப்பன் போட்டதுதான். 18 வயதுக்குக் கீழே என்றால், கடத்தலாக இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டே தேடச் சொல்லி அதே வருடம் இன்னொரு தீர்ப்பும் வந்தது. 20 வயதுப் பெண்ணை மட்டும் ஏன் ‘ஓடிப்போனவள்’ என்று வைத்துத் தேட வேண்டும்? விருப்பப்பட்டுப் போனவளாகவே இருக்கட்டும், உயிரோடு இருக்கிறாள் என்று கண்டுபிடித்து ஒரு வார்த்தை சொன்னால் போதாதா?

தினமும் அவள் பஸ்சில் கடந்து போன உயர் நீதிமன்றக் கிளையில்தான் அக்கா ஆட்கொணர்வு மனு போட்டாள். அதற்குப் பிறகுதான் தனிப்படை வைத்தார்கள். பெரியாஸ்பத்திரிப் பிணவறைக்கு இரண்டு முறை கூப்பிட்டார்கள். இரண்டு முறையும் அது எங்கள் பிள்ளை இல்லை.

ரேஷன் கார்டில் பெயர் உள்ள எல்லோரும் கைரேகை வைக்க வேண்டும் என்று சொன்னபோது, வராதவர் பெயரை எடுத்துவிடலாமே என்றார்கள். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. 7 வருடம் தகவல் இல்லையென்றால் இறந்ததாகக் கருத நீதிமன்றத்தில் கேட்கலாமாம், ஒரு வக்கீல் சொன்னார். அடுத்த வருடம் 7 முடிகிறது. அந்தப் பேச்சை எடுத்தாலே அக்கா எழுந்து போய்விடுகிறாள்.

உங்களிடம் கேட்பது இதுதான். ‘மாயம்’ என்று போடும்போது அவளே மறைந்துகொண்ட மாதிரி இருக்கிறது. ‘காணவில்லை’ என்று போடுங்கள். வீட்டார் சம்மதித்தால் படமும், ஸ்டேஷன் போன் நம்பரும் சேர்த்துப் போடுங்கள். ஒரு வருடம் கழித்து உங்கள் நிருபரை அந்த ஸ்டேஷனுக்கு அனுப்பி, அந்த வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்டு, அதையும் நான்கு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
மேலூர் வட்டம், மதுரை மாவட்டம்.