துவரம்பருப்பும் தபால் தலையும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

'இரண்டு கேமராவும் 20 மெகாபிக்சல். ஒன்று 20 ஆயிரம், இன்னொன்று ஒரு லட்சத்துக்கு மேல். பகல்கொள்ளை!' என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கொதித்திருந்தார். நானும் அப்படித்தான் பொருமிக்கொண்டிருந்தேன், போன மார்கழி வரை.

சபாவில் என் பெண்ணின் வயலின் கச்சேரி, மத்தியான ஸ்லாட். பிளாஷ் கூடாது என்றுவிட்டார்கள். என் கையடக்கக் கேமராவில் வில் கரைந்துபோய், அரக்குப் புடவை முழுக்க ரவையைத் தூவினாற்போல் புள்ளி. பக்கத்து இருக்கைக்காரர் எடுத்ததும் 20 மெகாபிக்சல்தான். அதில் வில்லின் முடிகூடத் தெரிந்தது.

அவரே விளக்கினார். சின்னக் கேமராக்கள் பலவற்றில் சென்சார், அதாவது வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சில்லு, சுமார் 6.2-க்கு 4.6 மில்லிமீட்டர், ஒரு துவரம்பருப்பு அளவு. அவருடையது ஃபுல் ஃப்ரேம்: 36-க்கு 24, தபால் தலை அளவு. பரப்பு 30 மடங்கு! இரண்டிலும் அதே 20 மெகாபிக்சல், அதாவது 2 கோடி பிக்சல்கள் என்றால், பருப்பில் நெருக்கியடித்து நிற்கும் பிக்சலுக்கு வெளிச்சம் எங்கே கிடைக்கும்? கிடைத்த கொஞ்சத்தைக் கேமரா பெருக்கிக் காட்டுகிறது. கூடவே கசடும் பெருகுகிறது. அதுதான் என் ரவை.

விலை ஏறுவதற்கும் இந்த அளவுதான் காரணம். சென்சாரை வட்டமான சிலிக்கான் தகட்டிலிருந்து வெட்டுகிறார்கள். பெரிதாக வெட்டினால் எண்ணிக்கை குறையும். தகட்டில் எங்காவது ஒரு பழுது இருந்தால் பருப்பில் ஒன்று போகும்; தபால் தலை என்றால் பெரிய துண்டே வீண். அப்புறம் அதற்கேற்ற லென்ஸ் வேறு. 'பாடி மட்டும்', அதாவது லென்ஸ் சேராத விலை, என்பதைக் கவனிக்காமல் 'ஆஹா, மலிவு' என்று குதித்தவர்களில் நானும் ஒருத்தி.

மாடல் எண் வரை ஒன்றாக இருந்தும் விலை இறங்கினால்தான் சந்தேகப்பட வேண்டும். அண்ணா சாலைப் பக்கம் ஒரு கடையில் 9,000 ரூபாய் குறைத்துச் சொன்னார்கள். "பில் வேணுமா மேடம்?" என்ற கேள்வியிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கம்பெனி வாரண்டி கிடையாது, கடை வாரண்டிதானாம். கேமராவுக்கான ஜிஎஸ்டி 2019 ஜனவரியில்தான் 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. அந்த 18-ஐயும் கட்டாமல் விற்கிற விலை போலிருக்கிறது. திரும்பி வந்துவிட்டேன்.

பெசன்ட் நகர் கடற்கரையில் பகலில் பேரக்குழந்தையை எடுக்க என்றால், அந்த வாசகருக்கு 20 ஆயிரம் கேமராவே தாராளம். எனக்குச் சபா இருக்கிறதே! பருப்புக்கும் தபால் தலைக்கும் இடைப்பட்ட அளவான ஏபிஎஸ்-சி சென்சாரில் ஒன்று வாங்கியிருக்கிறேன், பில்லோடு. நல்ல லென்ஸுக்கு இன்னும் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மேற்கு மாம்பலம், சென்னை