மறுக்கும்போது காரணம் சொல்லாதே

அன்பு மகளே,

தனியாக இருக்கப் போகிறாய் என்றதும், இருட்டில் நடக்காதே, முன்பின் தெரியாதவரோடு பேசாதே என்று ஆளாளுக்குச் சொல்லியிருப்பார்கள். ஆனால் பாலியல் வன்முறை பெரும்பாலும் தெரிந்தவர்களால்தான் நடக்கிறது. கூட வேலை பார்ப்பவர், தோழியின் நண்பர், உறவுக்காரர் என்று அது யாராகவும் இருக்கலாம். முன்பின் தெரியாதவன் நெருங்கினால் விலகி ஓட நமக்குக் கூச்சமில்லை. தெரிந்தவரிடம் முகத்தை முறித்துக்கொள்ளத்தான் தயங்குகிறோம், அந்தத் தயக்கத்திலேயே தப்பிக்கும் நேரம் போய்விடுகிறது.

அதனால் மறுக்கும்போது காரணம் சொல்லாதே. வெளியே கூப்பிடுகிறவரிடம் "நாளைக்குச் சீக்கிரம் எழுந்திருக்கணும்" என்று சொன்னால், "ஒன்பது மணிக்குள்ள கொண்டுவந்து விட்டுடறேன்" என்பார். நீ சொன்ன காரணத்துக்கு அவர் வழி கண்டுபிடித்துவிட்டால், பிறகு மறுக்க உனக்கே சங்கடமாகிவிடும். "இல்லை, நான் வரலை" என்பதே போதும். திரும்பக் கேட்டால் அதே வாக்கியத்தை அதே குரலில் சொல். வார்த்தையை மாற்றினால், இன்னும் கொஞ்சம் கேட்டால் இறங்கி வருவாய் என்று எடுத்துக்கொள்வார். 'ஸாரி' வேண்டாம், சிரிப்பும் வேண்டாம்.

தோளில் கை விழுந்தால், நடப்பதைச் சொல், உனக்கு வேண்டியதைச் சொல்: "என் தோள்ல கை வைச்சிருக்கீங்க. எடுங்க." சொல்லும்போதே ஒரு கை தூரம் பின்னால் நகர்ந்துவிடு. "சும்மா விளையாட்டுக்குத்தானே" என்றால் விளையாட்டா இல்லையா என்று வாதாடாதே. "எடுங்க" என்று மட்டும் சொல்.

ஒருவர் எப்படிப்பட்டவர் என்று அறிய, ஆரம்பத்திலேயே சின்ன விஷயம் ஒன்றில் மறுத்துப் பார். "வீடு வரைக்கும் வேண்டாம், தெருமுனையிலயே இறங்கிக்கறேன்." நல்லவர் சரி என்று வண்டியை நிறுத்துவார். "என் மேல நம்பிக்கை இல்லையா?" என்று கேட்கிறவரிடம் எச்சரிக்கையாக இரு. அந்தக் கேள்விக்கு நீ பதில் சொல்லியாக வேண்டியதில்லை.

காரணம் சொல்லாதே என்றதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. பூட்டிய அறையில், கோபக்காரனோடு தனியாக மாட்டிக்கொண்டால், வெளியே வருவது ஒன்றுதான் உன் வேலை. அப்போது காரணம் சொல்லலாம், பொய்யும் சொல்லலாம், வாந்தி வருகிறது என்றுகூடச் சொல்லலாம்.

இதெல்லாம் பயிற்சியால் வருவதுதான். கனடாவில் பல்கலைக்கழக மாணவிகளுக்கு, தெரிந்தவரிடமிருந்து வரும் ஆபத்தை அடையாளம் காணவும் எதிர்க்கவும் 12 மணி நேரப் பயிற்சி தந்தார்கள். 2015-ல் வெளியான அந்த ஆய்வில், ஓராண்டுக்குள் பாலியல் வன்புணர்வுக்கு ஆளானவர்கள் பயிற்சி பெற்றவர்களில் 5.2 சதவீதம், பெறாதவர்களில் 9.8 சதவீதம். கண்ணாடி முன் நின்று வாய்விட்டுச் சொல்லிப் பழகு. மனசுக்குள் சொல்லிப் பார்த்தது அவசரத்தில் நாக்குக்கு வராது.

ஒருவன் உன் மணிக்கட்டைப் பிடித்தால் பின்னால் இழுக்காதே, அவன் பலம் முழுக்க அந்தப் பக்கம்தான் இருக்கும். அவன் கட்டைவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கும் இடைவெளிதான் பிடியில் பலவீனமான இடம். உன் மணிக்கட்டின் மெல்லிய ஓரத்தை அந்த இடைவெளிக்கு நேராகத் திருப்பி, முழங்கையை மடக்கி, உடம்போடு சேர்த்து வெடுக்கென்று உருவு. கை விடுபட்டதும் நின்று பேசாமல் ஓடு, கத்து.

போனை இன்றைக்கே சரிசெய்துவிடு. ஐபோனில் பக்கவாட்டுப் பொத்தானையும் ஒலிப் பொத்தான் ஒன்றையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் அவசர உதவிக்கு அழைக்கலாம். பல ஆண்ட்ராய்டு போன்களில் பவர் பொத்தானை வேகமாக ஐந்து தடவை அழுத்த வேண்டும். அழைப்பு போகுமுன் சத்தமாக எச்சரிக்கை ஒலி எழக்கூடும். ஒளிந்திருக்கும்போது அதுவே உன்னைக் காட்டிக்கொடுக்கும், செட்டிங்ஸில் பார்த்து அணைத்துவை. வாட்ஸ்அப்பில் நேரலை இருப்பிடத்தை 15 நிமிடம், 1 மணி, 8 மணி என்று பகிரலாம். வரைபடத்தில் நீ இருக்கும் இடத்தைக் காட்டும் புள்ளி நகராமல் நின்றுவிட்டால் எத்தனை நிமிடத்தில் கூப்பிட வேண்டும், எடுக்காவிட்டால் அடுத்து யாரை அழைக்க வேண்டும் என்று பார்க்கிறவரிடம் முன்பே பேசிவை. அது இல்லாமல் இருப்பிடம் பகிர்ந்து பயனில்லை.

எல்லாம் தெரிந்திருந்தும் அந்த நேரத்தில் உடம்பு உறைந்துபோகலாம், குரல் எழாமல் போகலாம். ஸ்டாக்ஹோமில் வன்புணர்வுக்குப் பின் சிகிச்சைக்கு வந்த 298 பெண்களிடம் கேட்டபோது, 70 சதவீதம் பேர் அப்படி அசைய முடியாமல் போனதைச் சொன்னார்கள். அந்த ஆய்வு 2017-ல் வந்தது. உடம்பு தானாகச் செய்வது அது. அதைச் சம்மதம் என்று யார் சொன்னாலும் நம்பாதே, நீயும் உன்னைக் குற்றம் சொல்லிக்கொள்ளாதே.

அப்படி ஏதாவது நேர்ந்தால் குளிக்காமல், உடை மாற்றாமல் மருத்துவமனைக்குப் போ. மாற்றிவிட்டிருந்தால் ஒவ்வொரு துணியையும் தனித்தனிக் காகிதப் பையில் போடு. பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கி, பூஞ்சை பிடித்துத் தடயம் அழியும். குளித்துவிட்டாய் என்பதற்காகப் போகாமல் இருந்துவிடாதே. எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், அவசரக் கருத்தடை மாத்திரைக்கு 120 மணி நேரம் வரை. இரண்டுமே எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. யாராவது கழுத்தை நெரித்திருந்தால், வெளியே தடம் தெரியாவிட்டாலும் உடனே டாக்டரிடம் காட்டு. குரல் மாறினாலோ, விழுங்க வலித்தாலோ, தலை சுற்றினாலோ அதைத் தவறாமல் சொல்.

எந்த நேரமானாலும் எனக்குப் போன் செய். எங்கே இருக்கிறாய் என்பதைத்தான் முதலில் கேட்பேன்.

அம்மா